இரத்த உறவின் சாட்சியம் – 11: ஒரு விதிவிலக்கும் ஒரு வாரண்டும்

கலிபோர்னியாவின் சிட்ரஸ் ஹைட்ஸ் நகரில் 2018 ஏப்ரல் 24 அன்று முன்னாள் காவலர் ஜோசப் ஜேம்ஸ் டி ஏஞ்சலோ கைது செய்யப்பட்ட நிகழ்வு சென்ற பகுதியில் விரிவாகக் கூறப்பட்டது. 1970களிலும் 1980களிலும் 13 கொலைகளையும் ஏறத்தாழ 50 பாலியல் வன்கொடுமைகளையும் செய்துவிட்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் வாழ்ந்த அம்மனிதரை, அவர் முகம்கூடப் பார்த்திராத தூரத்து உறவினர்கள் தம் மூதாதையரைத் தேடுவதற்காக இணையத்தில் ஏற்றி வைத்திருந்த மரபணுத் தரவுகள் காட்டிக்கொடுத்தன.

அக்கைதைத் தொடர்ந்து அமெரிக்கக் காவல் நிலையங்களில் தூசு படிந்து கிடந்த பழைய வழக்குக் கட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் பல மாநிலங்களில் கைதுகள் நிகழ்ந்தன. பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்த சடலங்களுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால், இம்முறையைக் காவல் துறை எந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது, யாருடைய அனுமதி வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம் ஒன்றுகூட அந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் வேறு ஏதோ ஒன்று சட்டத்தின் வேலையைச் செய்தாக வேண்டும். அது என்னவாக இருந்தது, எவ்வாறு உடைந்தது, உடைந்த இடத்தில் எது வந்து நின்றது என்பனவே 2019ஆம் ஆண்டின் வரலாறாகும்.

விதி எழுதிய இருவர்

ஃபுளோரிடாவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தொழிலதிபர் கர்ட்டிஸ் ரோஜர்ஸும் டெக்சாஸைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஓல்சனும் 2010ஆம் ஆண்டில் ஜெட்மேட்ச் என்னும் இணையதளத்தைத் தொடங்கினர். வம்சாவளி ஆய்வில் ஈடுபாடு கொண்டோர், வெவ்வேறு நிறுவனங்களில் தாம் செய்துகொண்ட மரபணுச் சோதனையின் முடிவுகளை ஓரிடத்தில் ஏற்றி, தமக்கு உறவினர் யாரேனும் உளரா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே அத்தளம் உருவாக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டளவில் அதில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் தரவுகள் சேர்ந்திருந்தன.

இத்தளத்திலுள்ள தரவுக்கும் காவல் துறையிடம் நெடுங்காலமாக உள்ள தரவுக்கும் இடையிலான வேறுபாடு இங்கு நினைவுகூரத் தக்கது. கோடிஸ் எனப்படும் அமெரிக்கக் குற்றவியல் மரபணுத் தொகுப்பு, டி.என்.ஏ. இழையில் ஒரே எழுத்துக்கோவை அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் 20 இடங்களை மட்டுமே பதிவு செய்கிறது. ஒருவரை அடையாளம் காண்பதற்கு அது போதுமானதாயினும், தூரத்து உறவைக் கண்டறியும் ஆற்றல் அதற்கு இல்லை. வம்சாவளித் தளங்களில் ஏற்றப்படும் தரவோ இழை நெடுகிலும் மனிதருக்கு மனிதர் ஓரெழுத்து மாறுபடக்கூடிய இடங்களில் பல இலட்சத்தைப் பதிவு செய்வதால், பூட்டனுக்கும் முந்திய ஓட்டன், ஓட்டி ஆகியோரை மட்டுமே பொதுவாகக் கொண்ட இருவரைக்கூட அதனால் இணைத்துக் காட்ட முடிகிறது. அத்தகைய இருவர் பொதுவாகப் பெற்றிருக்கும் மரபணுப் பங்கு சராசரியாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவேயாகும்.

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடைத்த இரத்தத்திலிருந்தோ விந்திலிருந்தோ இத்தகைய விரிவான தரவு உருவாக்கப்பட்டுத் தளத்தில் ஏற்றப்பட்டால், ஒரு பட்டியல் திரையில் விரியும். அதில் பொருந்தியவரின் பெயர் அல்லது புனைபெயர், மின்னஞ்சல் முகவரி, இருவரும் பகிர்ந்துகொள்ளும் மரபணுத் துண்டுகளின் மொத்த நீளம் ஆகியவை இடம்பெறும். அந்நீளம் சென்டிமார்கன் என்னும் அலகில் குறிக்கப்படும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அது ஏறத்தாழ 3,500 ஆகவும், பாட்டன் பாட்டியைப் பொதுவாகக் கொண்டவர்களிடையே 850ஐ ஒட்டியும், ஓட்டன் ஓட்டியைப் பொதுவாகக் கொண்டவர்களிடையே 75ஐ ஒட்டியும் அமையும். அதன்பின் மரபுவழி ஆய்வாளர் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் இரங்கற் குறிப்புகளையும் கொண்டு பொது முன்னோர் வரை மேலேறி, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழிறங்கி, குற்றம் நிகழ்ந்த காலத்தில் அவ்வூரில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு பெயரில் வந்து நிற்பார்.

டி ஏஞ்சலோவின் கைதுக்கு முன் இத்தகைய தேடல் தம் தளத்தில் நடைபெற்றதை ரோஜர்ஸ் அறிந்திருக்கவில்லை. செய்தி வெளியான பிறகு, 2018 மே மாதத்தில் அவரும் ஓல்சனும் தளத்தின் பயன்பாட்டு விதிகளைத் திருத்தினர். கொலை, பாலியல் வன்தாக்குதல் ஆகிய இரு வகைக் குற்றங்களில் குற்றவாளியைக் கண்டறியவும், அடையாளம் தெரியாத சடலத்தை இனம் காணவும் காவல் துறை தளத்தைப் பயன்படுத்தலாம் என்றும், அதை விரும்பாதவர்கள் தம் தரவை நீக்கிவிடலாம் என்றும் அத்திருத்தம் கூறியது.

இவ்வாறு, நாட்டின் காங்கிரஸோ மாநிலச் சட்டமன்றமோ நீதிமன்றமோ தொடாத ஒரு பொருளில், இலவச இணையதளம் ஒன்றை நடத்திவந்த இருவர் எழுதிய சில வரிகளே ஓராண்டுக் காலம் சட்டத்தின் இடத்தில் நின்றன.

ஹூஸ்டனில் திறந்த கதவு

விதியை நிறுவனமே எழுதுகிறது என்றால், அதை நிறுவனமே மாற்றவும் கூடும் என்பதை 2019இன் தொடக்கமே காட்டியது. ஹூஸ்டன் நகரிலிருந்து இயங்கிய ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்னும் வணிக நிறுவனம், வாடிக்கையாளர் எவருக்கும் முன்னறிவிப்பின்றி எஃப்.பி.ஐ. எனப்படும் கூட்டரசுப் புலனாய்வு அமைப்புக்குத் தன் தொகுப்பைத் தேடும் வாய்ப்பை வழங்கிவந்த செய்தி அவ்வாண்டு ஜனவரி மாத இறுதியில் வெளியாயிற்று.

நிறுவனத்தின் தலைவர் பென்னட் கிரீன்ஸ்பான் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் ஒத்துழைப்பைக் கைவிடவில்லை. மார்ச் மாதத்தில், காவல் துறையின் தேடலில் தம் தரவு தென்படக் கூடாது என்று கருதுவோர் விலகிக்கொள்ளும் வசதி ஏற்படுத்தப்பட்டது. கடுமையான தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் மட்டும் கேளாமலேயே விலக்கி வைக்கப்பட்டனர்.

சட்டம் உள்ள கண்டத்தாருக்குக் கேளாமலேயே கிடைத்த பாதுகாப்பை, சட்டம் இல்லாத நாட்டார் தாமே தேடிப் பெற வேண்டியிருந்தது.

சென்டர்வில் தேவாலயம்

இத்தொடரின் போக்கை மாற்றிய நிகழ்வு யூட்டா மாநிலத்தின் சென்டர்வில் என்னும் சிறு நகரில், 2018 நவம்பர் 17 மாலையில் நிகழ்ந்தது. மார்மன் தேவாலயம் ஒன்றில் 71 வயது மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்து ஆர்கன் இசைக்கருவியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, சன்னலை உடைத்து உள்ளே வந்த ஒருவன் பின்னாலிருந்து அவர் கழுத்தை நெரித்தான். மூதாட்டி நினைவிழந்து விழுந்தார். பின்னர் உயிர் பிழைத்தார். உடைந்த சன்னலில் தாக்கியவனின் இரத்தம் எஞ்சியிருந்தது.

அந்த இரத்தத்தின் மரபணு கோடிஸ் தொகுப்பில் எவருடனும் பொருந்தவில்லை. வர்ஜீனியாவைச் சேர்ந்த பாராபன் நானோலேப்ஸ் நிறுவனம் வாயிலாக வம்சாவளித் தேடல் நடத்தலாம் என்று துப்பறிவாளர் எண்ணியபோது விதி குறுக்கே நின்றது. நிகழ்ந்தது கொலையன்று, பாலியல் குற்றமும் அன்று. ஜெட்மேட்ச் ஏற்றுக்கொண்ட இரு வகைகளில் எதிலும் அடங்காத கொடுந்தாக்குதல் அது.

துப்பறிவாளர் ரோஜர்ஸிடமே நேரடியாக முறையிட்டார். தாக்கியவன் வெளியில் திரிகிறான், மீண்டும் தாக்கக்கூடும், மூதாட்டி பிழைத்தது தற்செயலே என்னும் வாதங்களைக் கேட்ட ரோஜர்ஸ், இதைக் கொலைக்கு மிக நெருங்கிய குற்றமாகக் கருதி இந்த ஒரு வழக்குக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார்.

தேடல் பலன் தந்தது. பட்டியலில் கிடைத்த உறவினரிடமிருந்து தொடங்கி, பாராபனின் மரபுவழி ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த சீசீ மூர் வரைந்த கிளைகள், அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்த ஒரு குடும்பத்தைச் சென்றடைந்தன. ஐயத்துக்குரியவன் 17 வயதுப் பள்ளி மாணவனாக இருந்தான். பள்ளி உணவுக்கூடத்தில் அவன் குடித்துவிட்டு எறிந்த பான அட்டைப்பெட்டியைக் காவலர்கள் அவனறியாமல் எடுத்துச் சோதித்தனர். அதில் படிந்திருந்த உமிழ்நீரின் மரபணு சன்னல் இரத்தத்தின் மரபணுவோடு பொருந்தியது. 2019 வசந்த காலத்தில் அவன் பிடிபட்டான்.

குப்பையில் எறியப்பட்ட பொருளின்மீது எறிந்தவர் தனியுரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988ஆம் ஆண்டின் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. எனவே, அட்டைப்பெட்டியை எடுத்ததில் அப்போதைய சட்டப்படி தடை ஏதும் இல்லை. குற்றவாளி கண்டறியப்பட்டதையும் எவரும் குறை கூறவில்லை. எழுந்த வினா வேறு: பத்து இலட்சம் பேர் ஒரு நிபந்தனையை நம்பி ஒப்படைத்த தரவை, அந்நிபந்தனைக்கு வெளியே பயன்படுத்த இணையதள உரிமையாளர் ஒருவருக்கு அதிகாரம் உண்டா?

மே 18

விதிவிலக்கு வழங்கப்பட்ட செய்தி 2019 மே மாதத்தில் வெளியானதும் எதிர்ப்பு மூண்டது. அது முதன்மையாக வம்சாவளி ஆய்வாளர்களிடமிருந்தே வந்தது. கொலையாளியைப் பிடிக்க உதவும் என்றுதானே பலரும் தம் தரவை விட்டுவைத்தனர், இன்று கழுத்தை நெரித்தவன், நாளை வீட்டை உடைத்தவன், மறுநாள் கடையில் திருடியவன் என்று எல்லை நகர்ந்துகொண்டே போனால் அதைத் தடுப்பவர் யார் என்று அவர்கள் கேட்டனர். வேலி போட்டவரே அதைத் திறந்துவிட்ட பிறகு வேலி இருப்பதாகச் சொல்வதில் பொருளில்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

ரோஜர்ஸ் எதிர்ப்பின் நியாயத்தை ஏற்றார். 2019 மே 18, சனிக்கிழமை அன்று தளத்தின் விதிகள் அடியோடு மாற்றப்பட்டன. ஒருபுறம், அனுமதிக்கப்படும் குற்றங்களின் பட்டியல் விரிவடைந்து, கொள்ளையும் கொடுந்தாக்குதலும் அதில் சேர்ந்தன. மறுபுறம், பயனர் ஒவ்வொருவரும் காவல் துறையின் தேடலிலிருந்து விலகியவராகவே இனிக் கொள்ளப்படுவார் என்றும், உடன்படுவோர் தாமே முன்வந்து அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது.

பயனரின் கணக்குப் பக்கத்தில், தரவின் எண்ணுக்கு அருகே காவலர் முத்திரை வடிவில் சிறிய படம் ஒன்று தோன்றியது. அதை அழுத்தி இசைவு தெரிவித்தால் மட்டுமே அத்தரவு காவல் துறையின் கண்ணில் படும்.

மாற்றத்தின் விளைவு உடனடியானதாகவும் முழுமையானதாகவும் இருந்தது. முந்தைய நாள்வரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தரவுகளில் தேடிக்கொண்டிருந்த துப்பறிவாளர்களுக்கு அன்று கிடைத்த தரவுகளின் எண்ணிக்கை பூஜ்யம். மறுப்பதற்கென்று எவரும் விரலசைக்கவில்லை. முன்னிருப்பாக அமைந்த நிலை மட்டுமே மாறியிருந்தது. இசைவைக் கேளாமலே கொள்வதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பயனர்கள் சிறிது சிறிதாகவே திரும்பினர். அவ்வாண்டு நவம்பர் வரையில் தளத்திலிருந்த ஏறத்தாழ 13 இலட்சம் பேரில் 1,85,000 பேர் மட்டுமே இசைவு தெரிவித்திருந்தனர். பல வழக்குகள் நடுவழியில் நின்றன.

நீதித் துறையின் இடைக்காலக் கொள்கை

இணையதளங்கள் தத்தம் போக்கில் விதிகளை எழுதியும் அழித்தும் வந்த நிலையில், கூட்டரசின் நீதித் துறை 2019 செப்டம்பர் 24 அன்று ஓர் இடைக்காலக் கொள்கையை வெளியிட்டது. அது நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இம்முறை குறித்து அமெரிக்க அரசு தன் கையால் எழுதிய முதல் நெறிமுறை அதுவே.

கொள்கையின் கூறுகள் கவனத்துக்குரியவை. தீர்க்கப்படாத கொலை, பாலியல் குற்றம், கொலையுண்டவரின் அடையாளம் தெரியாத உடல் ஆகியவற்றுக்கே இம்முறை முதன்மையாக உரியது; பொதுமக்களின் பாதுகாப்புக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ தொடர்ந்து பேராபத்து விளைவிக்கும் பிற வன்முறைக் குற்றங்களில் அரசு வழக்கறிஞர் தனியே அனுமதிக்கலாம். முதலில் கோடிஸ் தொகுப்பில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமான புலனாய்வு வழிகளையும் முயன்றிருக்க வேண்டும். காவல் துறை தன்னைக் காவல் துறை என்றே வெளிப்படுத்திக்கொண்டு தேட வேண்டும்; காவல் துறையின் தேடலுக்கு இடமுண்டு என்று பயனர்களுக்கு வெளிப்படையாக அறிவித்திருக்கும் தளங்களை மட்டுமே நாட வேண்டும்.

வம்சாவளிப் பொருத்தம் புலனாய்வுக்கான துப்பாக மட்டுமே கொள்ளப்படும். அதைக் கொண்டு மட்டும் எவரையும் கைது செய்யக் கூடாது, ஐயத்துக்குரியவரின் மரபணுவை நேரடியாகக் குற்ற இடத்து மரபணுவோடு ஒப்பிட்டு உறுதி செய்தாக வேண்டும். தரவிலிருந்து நோய்ப் பாங்குகளையோ உளவியல் இயல்புகளையோ அறிய முயலக் கூடாது. குற்றத்துக்குத் தொடர்பில்லாத உறவினரிடம் ஒப்பீட்டுக்காக மாதிரி பெற வேண்டுமானால் அவருடைய இசைவு வேண்டும். இசைவு கேட்பது புலனாய்வைக் கெடுக்கும் என்று கருதி மறைவாக எடுத்த மாதிரியை இம்முறைப்படி ஆராய்வதற்கு நீதிமன்றத்தின் ஆணை வேண்டும்.

நேரடி ஒப்பீட்டால் உறுதி செய்தாக வேண்டும் என்னும் நிபந்தனைக்குப் பின்னே ஒரு கசப்பான முன்னிகழ்வு இருந்தது. ஐடஹோ மாநிலத்தில் 1996இல் நிகழ்ந்த ஒரு கொலையின் புலனாய்வில், 2014ஆம் ஆண்டு தந்தை வழித் தரவு ஒன்றை மட்டும் நம்பிச் சென்ற காவல் துறை, நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் ஒருவரைக் கொலையாளியெனச் சந்தேகித்தது; நேரடி மரபணு ஒப்பீடு அவர் குற்றமற்றவர் என்று காட்டியது. அதே கொலைக்காகப் பல்லாண்டுகள் சிறையிலிருந்த வேறொருவர், 2019இல் மரபணு வம்சாவளி முறையால் உண்மைக் குற்றவாளி கண்டறியப்பட்டதும் அவ்வாண்டு ஜூலையில் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். ஒரே வழக்கில் இம்முறை ஒருவரை வீணாகக் கலங்கவைத்து, இன்னொருவரின் பெயரைத் துலக்கியது.

இடைக்காலக் கொள்கையின் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. கூட்டரசு அமைப்புகளையும், இப்பணிக்குக் கூட்டரசின் நிதியைப் பெறும் காவல் துறைகளையும் மட்டுமே அது கட்டுப்படுத்தியது. தம் சொந்த நிதியில் இயங்கும் ஆயிரக்கணக்கான உள்ளூர்க் காவல் துறைகள் அதற்கு வெளியே நின்றன. தேடலுக்கு முன் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்று அது கோரவில்லை. மேலும், அது துறையின் உள்நெறிமுறையேயன்றிச் சட்டமன்று. அதை மீறிப் பெற்ற துப்பினால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோருவதற்கு அது இடம் தரவில்லை.

ஆர்லாண்டோவில் ஒரு கையொப்பம்

கொள்கை வெளியாவதற்கு இரு மாதங்கள் முன்பே, எவருக்கும் தெரியாமல், இவை அனைத்தையும் கடந்து செல்லும் ஒரு செயல் ஃபுளோரிடாவில் நிகழ்ந்து முடிந்திருந்தது.

ஆர்லாண்டோ நகரக் காவல் துறையின் துப்பறிவாளர் மைக்கேல் ஃபீல்ட்ஸ், 2001ஆம் ஆண்டின் கொலை வழக்கு ஒன்றை ஜெட்மேட்ச் வழியாக 2018இல் தீர்த்தவர். பல பத்தாண்டுகளுக்கு முன் பெண்கள் பலரைத் தாக்கிய ஒரு தொடர் பாலியல் குற்றவாளியைத் தேடுவதில் அவர் அடுத்து ஈடுபட்டிருந்தபோதுதான் மே 18 மாற்றம் வந்தது. தேடுவதற்கான களம் ஒரே நாளில் மறைந்துபோயிற்று.

2019 ஜூலையில் அவர் ஃபுளோரிடாவின் ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தை அணுகி, ‘சர்ச் வாரண்ட்’ என்று வழங்கும் தேடுதல் ஆணையைக் கோரினார். குறிப்பிட்ட ஒருவரின் வீட்டையோ பெட்டியையோ கணக்கையோ திறப்பதற்கான கோரிக்கையாக அது அமையவில்லை. விலகி நின்றவர்கள் உட்பட, தளத்தின் தொகுப்பு முழுவதிலும் தேட அனுமதி வேண்டும் என்பதே கோரிக்கை. நீதிபதி பட்ரிசியா ஸ்ட்ரோபிரிட்ஜ் ஆணையில் கையொப்பமிட்டார்.

ஆணை கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஜெட்மேட்ச் இணங்கியது. மேல்முறையீடு இல்லை, எதிர்வாதம் இல்லை. முத்திரைப் படத்தை அழுத்தாமல் விலகி நின்ற இலட்சக்கணக்கானோரில் எவரும், தம் மறுப்பு அன்று செல்லாமற்போனதை அறியவில்லை.

செய்தி வெளிவந்த விதமும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோவில் கூடிய காவல் துறைத் தலைவர்களின் பன்னாட்டு மாநாட்டில் ஃபீல்ட்ஸ் தம் ஆணையைப் பற்றி எடுத்துரைத்தார். அதைப் போன்றதொன்றைத் தாமும் பெற வேண்டும் என்று பிற ஊர்த் துப்பறிவாளர்கள் ஆர்வம் காட்டினர். நவம்பர் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை வெளியிட்டது. அவ்வேளை வரை அத்தேடலால் துப்புகள் கிடைத்திருந்தனவேயன்றிக் கைது எதுவும் நிகழவில்லை.

அரசமைப்பு மௌனமான இடம்

நியாயமற்ற தேடலுக்கும் கைப்பற்றலுக்கும் எதிராகக் குடிமக்களைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம், தேடுதல் ஆணை எதுவாயினும் தகுந்த காரணத்தின் பேரில், தேடப்படும் இடத்தையும் கைப்பற்றப்படும் பொருளையும் குறிப்பாகச் சுட்டியே வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. குற்றத்தோடு தொடர்பே இல்லாத 13 இலட்சம் பேரின் தரவில் யாரேனும் ஒருவர் குற்றவாளிக்கு உறவாக இருக்கலாம் என்னும் எதிர்பார்ப்பு ‘தகுந்த காரணம்’ ஆகுமா, அவர்கள் அனைவரையும் உள்ளடக்கிய ஆணை ‘குறிப்பான’ ஆணை ஆகுமா என்பன எளிதில் விடை காண முடியாத வினாக்கள்.

ஆயினும் அவ்வினாக்களை எழுப்ப உரிமையுள்ளவர் யார் என்பதே முதற் சிக்கலாயிற்று. வங்கிப் பதிவுகள் பற்றிய 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், தொலைபேசியில் சுழற்றிய எண்கள் பற்றிய 1979ஆம் ஆண்டின் ஸ்மித் எதிர் மேரிலேண்ட் தீர்ப்பிலும் உருவான ‘மூன்றாம் தரப்புக் கோட்பாடு’, ஒருவர் தாமாகவே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்த தகவலின்மீது அவர் தனியுரிமை கோர முடியாது என்கிறது. கைப்பேசி இருப்பிடப் பதிவுகளைப் பெறுவதற்கு ஆணை வேண்டும் என்று 2018 ஜூன் 22 அன்று ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் வெளியான கார்பென்டர் தீர்ப்பு அக்கோட்பாட்டைச் சற்றே தளர்த்தியது. அவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி நீல் கோர்சச், மரபணுச் சோதனை நிறுவனத்திடம் ஒருவர் கொடுத்த டி.என்.ஏ.வை ஆணையின்றி அரசு பெற முடியுமா என்னும் வினாவையும் அங்கேயே எழுப்பினார். விடையளிக்கும் வாய்ப்பு நீதிமன்றத்துக்கு வரவில்லை.

மரபணுவோ வங்கிக் கணக்கைப்போல் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. டி ஏஞ்சலோவின் வழக்கில் குற்றவாளி எந்தத் தளத்திலும் தன் தரவை ஏற்றியவர் அல்லர். ஏற்றியவர்கள் அவருடைய உறவினர்கள். யானிவ் எர்லிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2018 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 12.8 இலட்சம் பேரின் தரவை ஆராய்ந்து, ஐரோப்பிய வம்சாவளியினரான அமெரிக்கருள் நூற்றுக்கு அறுபது பேருக்கு, ஓட்டன் ஓட்டியைப் பொதுவாகக் கொண்டவரோ அதனினும் நெருங்கியவரோ ஆன உறவினர் ஒருவர் அத்தொகுப்பில் இருப்பார் என்று மதிப்பிட்டது. ஒரு மக்கள்தொகுதியில் நூற்றுக்கு இருவரின் தரவு சேர்ந்தாலே அத்தொகுதியின் மிகப் பெரும்பாலோரை அதன் வழியே எட்டிவிட முடியும் என்பதும் அதன் முடிவு.

அப்படியாயின், இசைவு என்பதைத் தனி ஒருவரின் விருப்பமாகக் கருதும் அணுகுமுறையே போதாததாகிறது. ஜெட்மேட்ச் கேட்டது தரவை ஏற்றியவரின் இசைவை. தேடலின் விளைவைச் சுமப்பவரோ பெரும்பாலும் வேறொருவர்.

பெரிய தொகுப்புகளின் அச்சம்

ஆர்லாண்டோ ஆணையின் நிழல் ஜெட்மேட்சோடு நிற்கவில்லை. ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் 1.5 கோடிப் பேரின் மரபணுவும், 23அண்ட்மீ நிறுவனத்திடம் ஒரு கோடிப் பேரின் மரபணுவும் அப்போது இருந்தன. இவ்விரண்டும் காவல் துறையின் தேடலுக்கு இடமளிப்பதில்லை என்று அறிவித்திருந்தவை. ஒரு வட்ட நீதிபதியின் கையொப்பத்தால் ஒரு தொகுப்பைத் திறக்க முடியுமானால், அதே திறவுகோல் இவற்றுக்கும் பொருந்தாது என்று கூற எவராலும் முடியவில்லை.

முயற்சியும் நடந்தது. பென்சில்வேனியாவின் நீதிமன்றம் ஒன்றிலிருந்து தன் தொகுப்பில் தேடுவதற்கான ஆணை 2019இல் வந்ததையும், நீதிமன்றத்தின் அதிகார வரம்பு குறித்துத் தான் அதை எதிர்த்ததையும், தரவு எதுவும் வழங்கப்படவில்லை என்பதையும் ஆன்செஸ்ட்ரி 2020இன் தொடக்கத்தில் தன் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் தெரிவித்தது. வழக்கறிஞர்களை அமர்த்தி எதிர்க்கும் வலிமை பெற்ற நிறுவனம் தப்பியது. இருவர் நடத்திய தளம் ஒரே நாளில் பணிந்தது. குடிமகனின் மரபணுத் தனியுரிமை, அவர் தரவை ஒப்படைத்த நிறுவனத்தின் சட்டச் செலவுத் திறனைப் பொறுத்தது என்றாயிற்று.

2019 டிசம்பர் 9 அன்று ஜெட்மேட்ச் கைமாறியது. தடய அறிவியலுக்கான மரபணுக் கருவிகளைத் தயாரித்துவந்த சான் டியாகோவின் வெரோஜென் நிறுவனம் அதை வாங்கியது. இத்தகைய ஆணைகளை எதிர்த்துப் போராடப்போவதாகப் புதிய உரிமையாளர்கள் வாக்களித்தனர். ஆயினும், காவல் துறை ஆய்வகங்களைத் தன் வாடிக்கையாளராகக் கொண்ட நிறுவனத்தின் வாக்குறுதியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பயனர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாயிற்று.

அன்னாபோலிஸ் நோக்கி

2019ஆம் ஆண்டு மூன்று வகை விதிகளைச் சோதித்து மூன்றையும் போதாதவை என்று காட்டியது. தளத்தின் உரிமையாளர் எழுதிய விதி அவருடைய இரக்கத்தால் வளைந்தது. பயனரின் இசைவு ஒரு நீதிபதியின் ஆணையால் செல்லாமற்போனது. துறையின் கொள்கை பெரும்பாலான காவல் நிலையங்களின் வாசலைத் தொடவேயில்லை. எந்தக் குற்றத்துக்கு, யாருடைய தரவில், யாருடைய ஒப்புதலோடு, மீறினால் என்ன தண்டனையோடு என்பவற்றை ஒருங்கே வரையறுக்கும் வலிமை சட்டமன்றம் இயற்றும் சட்டத்துக்கு மட்டுமே உண்டு.

அத்தகைய சட்டத்துக்கான முதல் விதை அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மேரிலேண்ட் மாநிலத்தின் தலைநகரான அன்னாபோலிஸில் ஊன்றப்பட்டு முளைக்காமற்போயிருந்தது. மாநிலத்தின் குற்றவியல் மரபணுத் தொகுப்பில் உறவினர் வழித் தேடலை 2008ஆம் ஆண்டே தடை செய்திருந்த மாநிலம் அது. அத்தடையை வணிகத் தொகுப்புகளுக்கும் நீட்டித்து, காவல் துறை அவற்றைப் பயன்படுத்துவதை முழுமையாகத் தடுக்கும் மசோதா ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் சிட்னர் 2019இல் கொண்டுவந்தார். காவல் துறையும் அரசு வழக்கறிஞர்களும் எதிர்க்க, மசோதா குழு நிலையிலேயே மடிந்தது.

ஆனால் அதே சிட்னர், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் செனட் உறுப்பினராக, இம்முறையை நீதிபதியின் முன் ஒப்புதலோடு அனுமதிக்கும் மசோதாவுக்குத் தம் பெயரைக் கொடுத்தார். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், இப்பொருளை முழுமையாக வரையறுத்த முதல் அமெரிக்கச் சட்டமாகும். முழுத் தடை கேட்டவர் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டது ஏன்? அவரை எதிர்த்து நின்ற அரசு வழக்கறிஞர்களும், குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதிடும் வழக்கறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வரைவில் உடன்பட்டது எவ்வாறு? அவ்வரைவுக்காக ஒவ்வொரு தரப்பும் விட்டுக்கொடுத்தது எதை?

அடுத்த வாரம் அன்னாபோலிஸ் சட்டமன்றத்தின் குழு அறையில் இவ்வினாக்களுக்கு விடை தேடப்படும்.